ஆணியா, கயிறா? பலகையைப் பிடித்து வைத்த கதை

போன வாரம் பேசினதோட எழுத்து வடிவம் இது. பேச்சுல திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் வெட்டியிருக்கேன், மத்தபடி அப்படியேதான் இருக்கு.

இந்தத் தடவை தலைப்பு நான் தேர்ந்தெடுத்ததில்லை. அமெரிக்காவில், வட கரோலினாவில் இருக்கிற ஒரு நேயர் கேட்ட கேள்வி. வீட்டுக்குப் பின்னாடி மரப்பலகையில் டெக் போடுறார். டெக் என்றால் நம்ம ஊர் திண்ணை மாதிரி, ஆனால் தரையிலிருந்து உயர்த்தி, அடியில் சட்டங்கள் கொடுத்து, மேலே பலகை பரப்பியது. அந்தப் பலகையைச் சட்டத்தோடு பிடிக்க வைக்க இரண்டு வழி சொல்கிறார்களாம். ஒன்று, பலகையின் மேல்முகத்திலேயே ஸ்க்ரூ போட்டு இறக்குவது. தலை வெளியே தெரியும். இன்னொன்று, பலகையின் பக்கவாட்டில் பள்ளம் வெட்டி, அதற்குள் ஒரு கிளிப்பைச் செருகி, அந்தக் கிளிப்பைச் சட்டத்தோடு முடுக்குவது. மேலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது, வழுவழுன்னு இருக்கும். "எது நல்லது, வரலாறு பேசுற ஆளாச்சே, சொல்லுங்க"ன்னு பாதி கிண்டலாத்தான் கேட்டார்.

கிண்டலா கேட்டாலும் கேள்வி சின்னதில்லை. இரண்டு பலகையை எதால் சேர்ப்பது, அந்தச் சேர்ப்பு வெளியே தெரியணுமா, உள்ளே மறையணுமா என்கிற இந்தச் சண்டை வங்காள விரிகுடாவில் குறைந்தது 2,000 வருஷமா நடந்திருக்கு. அதில் ரோமாபுரி காலத்து வியாபாரி வர்றார், கிழக்கிந்தியக் கம்பெனி வருது, பிரிட்டிஷ் கடற்படை வருது. நான் இதைப் பேசுறது குன்னத்தில் உட்கார்ந்துகொண்டு. பெரம்பலூர் மாவட்டத்துக்குக் கடலே கிடையாது. (சுமார் 10 கோடி வருஷத்துக்கு முன்னாடி இருந்தது. காரை பக்கம் போனால் அம்மோனைட் புதைபடிவம் இன்னும் கிடைக்கும். அது வேற எபிசோட்.) ஆனாலும் கடைசியில் இந்தக் கதை எங்க மாவட்டத்துக்கே வந்து சேரும்.

முதலில் மரத்தைப் பற்றி ஒரு விஷயம் தெரிஞ்சுக்கணும். மரம் செத்த பிறகும் சும்மா இருக்காது. ஈரம் பட்டால் அகலத்தில் விரியும், காய்ந்தால் சுருங்கும். நீளவாக்கில் மட்டும் கிட்டத்தட்ட அசையவே அசையாது. ஆறு அங்குலப் பலகை மழைக்காலத்துக்கும் கோடைக்கும் நடுவில் சில மில்லிமீட்டர் போய் வரும். அதை ஆணி வைத்து இறுக்கிப் பிடித்தால் இரண்டில் ஒன்று நடக்கும். ஆணி தளரும், இல்லையென்றால் மரம் வெடிக்கும். ஆக, பலகையைப் பிடிக்கிற எந்தப் பொருளுக்கும் இரண்டு வேலை. பலகையை விடவும் கூடாது, ரொம்பப் பிடிக்கவும் கூடாது.

நம்ம கடற்கரைக்காரர்கள் இதற்குக் கண்டுபிடித்த விடை கயிறு.

கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட ஒரு வணிகக் கையேடு இருக்கு, எரித்திரையக் கடலின் பெரிப்ளஸ். எழுதியவர் பெயர் தெரியாது, ஆனால் கடல் தெரிந்த ஆள். பாரசீக வளைகுடா பக்கத்திலிருந்து அரபு நாட்டுக்குத் தைத்த படகுகள் ஏற்றுமதியானதை எழுதுகிறார். ஆப்பிரிக்கக் கிழக்குக் கரையில் ஒரு துறைமுகத்துக்கே தைத்த படகை வைத்து 'ரப்தா' என்று பெயர் வந்ததையும் சொல்கிறார். நம்ம கிழக்குக் கரைக்கு வரும்போது, பெரிய மரங்களைச் சேர்த்துக் கட்டிய 'சங்கரா' என்ற கலங்களைக் குறிப்பிடுகிறார். எல்லாமே சேர்த்துக் கட்டினது, தைத்தது. ஆணி பற்றிய பேச்சே வரவில்லை.

மத்தியதரைக் கடலிலிருந்து வந்தவர்களுக்கு இது பெரிய புதிராக இருந்திருக்கு. ஏன் இந்த ஜனங்கள் இரும்பு ஆணி அடிக்கிறதில்லை? விடை தெரியாத இடத்தில் கதை முளைக்கும். இரண்டாம் நூற்றாண்டில் தாலமி, வங்காள விரிகுடா பக்கம் 'மணியோலை' என்று சில தீவுகளைக் குறிக்கிறார். இரும்பு ஆணி வைத்த கப்பல்கள் அங்கே போனால் நகராமல் நின்றுவிடுமாம், காந்தக்கல் இழுக்குமாம். அதனால்தான் அந்தப் பக்கத்தார் மரமுளை வைத்துக் கப்பல் செய்கிறார்களாம். காந்தமலைக் கதை அதற்குப் பிறகு அரபியர் கதைகளில் எல்லாம் சுற்றிச் சுற்றி வந்தது.

ஆறாம் நூற்றாண்டில் புரோகோபியஸ் என்ற பைசாந்திய வரலாற்றாசிரியர் இதை எடுத்து உடைத்தார். காந்தமலை எல்லாம் பொய், செங்கடலில் இரும்பு ஆணி வைத்த ரோமானியக் கப்பல்கள் நல்லாத்தானே ஓடுது என்றார். சபாஷ். அடுத்த வரியில் அவரே ஒரு தப்பு பண்றார். இந்தியரிடம் இரும்பு கிடையாது, அதனால்தான் கயிற்றில் கட்டுகிறார்கள் என்று முடித்துவிட்டார்.

இரும்பு கிடையாதா? ஈரோடு பக்கத்துக் கொடுமணலில் இரும்பு உருக்கிய உலைகளே தோண்டி எடுக்கப்பட்டிருக்கு, புரோகோபியஸுக்குப் பல நூற்றாண்டு முந்தையவை. ஆதிச்சநல்லூர் தாழிகளோடு இரும்புக் கருவிகள் கிடைத்தது நூறு வருஷத்துக்கு முந்தின செய்தி. எங்க ஊரிலிருந்து காலையில் பஸ் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம், கங்கைகொண்ட சோழபுரத்துக்கு. அங்கே மாளிகைமேட்டில், ராஜேந்திர சோழனின் அரண்மனை இருந்த இடத்தில், அகழாய்வில் கூரை ஓடுகளும் கூடவே இரும்பு ஆணிகளும் கிடைத்திருக்கு. அதாவது, ஆணி எப்படி அடிப்பது என்று நம்ம ஆட்களுக்கு நல்லாவே தெரியும். கூரைக்கு அடித்தார்கள். கடலில் எது என்பது வேறு கணக்கு.

அந்தக் கணக்கைச் சரியாகப் பிடித்தவர் இப்னு பதூதா. பதினான்காம் நூற்றாண்டில் மதுரை சுல்தானகம் வரை வந்து போனவர். அவர் சொல்வது ரொம்ப நேரடியானது: இந்தக் கடலில் பாறை அதிகம், இரும்பு ஆணி வைத்த கப்பல் மோதினால் உடைந்துவிடும், கயிற்றால் தைத்த கப்பலுக்கு நெகிழ்வு உண்டு, அது சிதறாது. அவருக்கு முன்னாடி மார்க்கோ போலோ ஹோர்முஸில் இதே வகைக் கப்பலைப் பார்த்துவிட்டுப் படுமோசம் என்று எழுதினார். நிறைய கப்பல் மூழ்குது என்கிறார். அங்கே உள்ள மரத்தில் ஆணி அடித்தால் மண்பாண்டம் மாதிரி விரிசல் விடுது, அதனால்தான் தைக்கிறார்கள் என்றும் அவர் பயணக்குறிப்பின் ஒரு வடிவத்தில் வருது. ஒரே பொருளை இரண்டு பயணிகள் பார்த்து இரண்டு முடிவு. நான் பதூதா கட்சி. ஆனால் போலோ சொன்னதிலும் உண்மை இருக்கு. தைத்த கப்பல் ஒழுகும். எப்போதும் ஒருத்தர் தண்ணீர் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இப்போ மதராஸுக்கு வருவோம். இந்தக் கதையின் நடுப்பகுதி இதுதான்.

1639-இல் கம்பெனிக்காரர்கள் கோட்டை கட்ட இடம் வாங்கினார்களே, அந்த இடத்தில் துறைமுகம் என்று ஒன்றும் கிடையாது. நேர்கோட்டில் மணல், அதன் மேல் வந்து விழும் அலை. ஆழம் இல்லாததால் கப்பல் கரையிலிருந்து தள்ளித்தான் நங்கூரம் போடும். கப்பலுக்கும் கரைக்கும் நடுவில் அடுக்கடுக்காக உடையும் அலை வரிசை. ஐரோப்பியக் கப்பல்களோடு வந்த படகுகள் ஆணி அடித்த, உள்ளே விலா எலும்பு மாதிரி வளைசட்டம் வைத்த, விறைப்பான படகுகள். அதை இந்த அலையில் விட்டால் கரையில் மோதுகிற ஒரே அடியில் பலகை பிளந்துவிடும்.

அந்த இடைவெளியைக் கடக்கத் தெரிந்தது உள்ளூர்ப் படகு ஒன்றுக்குத்தான். இங்கிலீஷ்காரர்கள் அதை மசூலா என்றார்கள். தமிழில் சலங்கு. புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்கள் அந்தச் சொல்லையே வாங்கி 'ஷெலிங்' என்று ஆக்கிக்கொண்டார்கள்.

சலங்கு பார்க்க அழகான படகு இல்லை. தட்டை அடி, உயர்ந்த பக்கங்கள், கிட்டத்தட்ட ஒரு பெரிய மரத்தொட்டி. உள்ளே விலாச்சட்டமே கிடையாது. குறுக்கே சில பலகைகள், அவ்வளவுதான். பலகைகளின் ஓரத்தில் வரிசையாகத் துளை போட்டு, இரண்டு பலகை சேரும் இடுக்கின் மேல் வைக்கோலோ நாரோ திரித்து அடைத்து, தென்னை நார்க் கயிற்றால் பெருக்கல் குறி மாதிரி மாற்றி மாற்றித் தைப்பார்கள். தண்ணீரில் இறங்கியதும் அடைத்த நார் ஊறிப் பருத்து, இடுக்கைத் தானே அடைக்கும். அலை தூக்கிக் கரையில் போடும்போது படகு முழுக்க ஒரு கூடை மாதிரி நெளியும். அடியை ஒரு இடத்தில் வாங்காமல் உடம்பு முழுக்கப் பகிர்ந்துகொள்ளும். பின்னாடி தண்டல் நீளமான துடுப்போடு நின்று, அலை எண்ணி, எப்போது தள்ளுவது எப்போது நிறுத்துவது என்று குரல் கொடுப்பார். பெரிய மனிதர்கள் யாராவது பயணம் செய்தால் பக்கத்திலேயே கட்டுமரங்களும் கூடவே வரும். படகு கவிழ்ந்தால் ஆளைத் தூக்க.

யோசித்துப் பாருங்க. அதற்குப் பிறகு இருநூறு வருஷத்துக்கு மேல், மதராஸுக்குக் கடல்வழி வந்த கவர்னர், சிப்பாய், பாதிரியார், குதிரை, வெள்ளிப்பெட்டி எல்லாம் கடைசி ஒரு மைலை இந்தத் தைத்த படகில்தான் கடந்தது. உலகம் முழுக்கக் கப்பல் விட்ட ஒரு கம்பெனி, கரையில் கால் வைக்க மட்டும் மீனவர்களின் தையலை நம்பியிருந்தது. அந்தத் தையலில் ஒரு ஆணி கிடையாது. 1875-இல் வேல்ஸ் இளவரசர் வந்து துறைமுகத்துக்கு அடிக்கல் வைத்தார். வேலை பாதி நடக்கும்போதே 1881 புயல் அதை அடித்து நொறுக்கியது. திரும்பக் கட்டி முடித்த பிறகுதான் சலங்குக்கு அந்த வேலை போனது. ஒரு சின்னப் படகை ஓய்வுபெறச் செய்ய அலையைத் தடுத்து இரண்டு கற்சுவர் கடலுக்குள் கட்ட வேண்டியிருந்தது என்று இதைப் படிக்கலாம். நான் அப்படித்தான் படிக்கிறேன்.

இங்கே நேயரின் கேள்விக்குத் தொடர்புள்ள ஒரு விஷயம் இருக்கு, பலரும் கவனிக்காமல் கடந்துவிடுவது. தையல் மறைந்து கிடக்காது. படகில் ஏறுகிற யாரும் கண்ணால் பார்க்கலாம், விரலால் தொட்டு இழுத்துப் பார்க்கலாம். கயிறு நைந்தால் அந்த இடம் தெரியும். நைந்ததும் பிரித்து மறுபடி தைப்பார்கள். பலகை வீணானால் அந்த ஒரு பலகையை மட்டும் மாற்றலாம், மற்ற பலகைக்குச் சேதம் வராது, ஏனென்றால் துளை ஏற்கெனவே இருக்கு. இதை 'பழைய காலத்து ஏழைத் தொழில்நுட்பம்' என்று எழுதிய வெள்ளைக்காரர்கள் உண்டு. என் கண்ணுக்கு இது பராமரிப்பை முதல் நாளே கணக்கில் எடுத்துச் செய்த வடிவமைப்பு.

கட்டுமரம் இதைவிட ஒரு படி மேலே. கடலுக்குப் போய் வந்ததும் கட்டையெல்லாம் அவிழ்த்து, மணலில் தனித்தனியாகக் காயப்போடுவார்கள். ஊறின கட்டை கனக்கும், காய்ந்தால்தான் மிதக்கும். மறுநாள் திரும்பக் கட்டுவார்கள். ஒவ்வொரு நாளும் கழற்றி மாட்டப்படுகிற கலம். அதில் ஆணி அடித்திருந்தால் ஒரு வாரத்தில் விறகு.

தமிழில் 'கட்டு' என்ற ஒரே வினைதான் முடிச்சுப் போடுவதற்கும், வீடு கட்டுவதற்கும், கப்பல் கட்டுவதற்கும். இதில் பெரிய தத்துவம் தேட வேண்டாம், ஆனால் காதில் விழும்போது ஒரு சந்தோஷம்.

சரி, எதிர்க்கட்சிக்கும் நியாயம் பேசணும். ஆணி ஏன் ஜெயித்தது?

1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்த கப்பல்கள் ஆணி அடித்தவை, பக்கவாட்டில் பீரங்கி வைத்தவை. பீரங்கி சுட்டால் பின்னுதைப்பு. அந்த உதையை வாங்க விறைப்பான உடம்பு வேண்டும். நெளிகிற தையல் கப்பல் அலைக்குச் சரி, பீரங்கிக்குச் சரிவராது. அதோடு, தைத்த கப்பலை ரொம்பப் பெரிதாகக் கட்டுவது கஷ்டம். இதனால் இந்தியப் பெருங்கடல் முழுக்க மெல்ல மெல்ல ஆணிக்கு மாறியது. தூத்துக்குடி, கடலூர் பக்கம் ஓடின பெரிய தோணிகள் ஆணி வைத்தவைதான். பலகை இடுக்கில் பஞ்சு அடைத்து, குங்கிலியமும் எண்ணெயும் பூசுவது. அதற்குப் பெயர் கலப்பற்று.

ஐரோப்பியக் கப்பல்களின் மேல்தளம், அதாவது அசல் டெக், எப்படிப் போட்டார்கள் தெரியுமா? பலகையில் ஆணித்தலை இறங்கும் அளவுக்குக் குழி எடுத்து, ஆணியை உள்ளே இறக்கி, அந்தக் குழியை அதே மரத்தில் செய்த வட்டமான அடைப்பால் மூடி, மேலே இழைத்துவிடுவார்கள். ரேகை ஒரே திசையில் ஓடும்படி அடைப்பை வைத்தால் கண்ணுக்கே தெரியாது. ஆக, 'மறைந்த பிடிப்பு' என்பது இன்றைய டெக் கம்பெனிகள் கண்டுபிடித்ததில்லை. அங்கே காரணம் அழகு மட்டுமில்லை. ஆணித்தலையில் உப்புத் தண்ணீர் நிற்கக் கூடாது, வெறுங்காலில் ஓடுகிற மாலுமிக்குக் குத்தக் கூடாது. கூடவே இன்னொரு பழக்கம்: தினமும் டெக்கைக் கடல்நீர் விட்டுக் கழுவுவார்கள். சுத்தத்துக்கு என்று நினைப்போம். வெயிலில் பலகை சுருங்கி இடுக்கு விடாமல் ஈரமாக வைத்திருக்கவும்தான் அது.

ஆனால் மறைத்து வைப்பதற்கு ஒரு விலை இருக்கு. அந்த விலையைப் பிரிட்டிஷ் கடற்படை நல்லா கொடுத்தது.

வெப்பக் கடல்களில் மரத்தைத் துளைக்கும் புழுவிடமிருந்து கப்பலைக் காப்பாற்ற, 1761-இல் அலார்ம் என்ற போர்க்கப்பலின் அடிப்பகுதி முழுக்கச் செம்புத் தகடு போர்த்தினார்கள். இரண்டு வருஷம் கழித்துத் தகட்டை ஆராய்ந்தபோது புழு இல்லை. பிரமாதம். ஆனால் தகட்டைப் பிடித்திருந்த இரும்பு ஆணிகளில் பல கரைந்து போயிருந்தன. செம்பும் இரும்பும் உப்புத் தண்ணீரில் சேர்ந்தால் ஒரு பேட்டரி. இரும்பு தன்னைத் தின்னக் கொடுத்துச் செம்பைக் காப்பாற்றும். தகடு சுற்றிவந்த பழுப்புக் காகிதம் கழற்றப்படாமல் நடுவில் மாட்டிக்கொண்டிருந்த இடங்களில் மட்டும் ஆணி நல்லா இருந்தது.

இதைத் தெரிந்துகொண்டும், அமெரிக்க விடுதலைப் போர் நெருக்கடியில், 1779-இலிருந்து கப்பல் கப்பலாகச் செம்பு போர்த்தினார்கள். நடுவில் தாரும் காகிதமும் வைத்தால் போதும் என்ற நம்பிக்கை. வெளியே பளபளன்னு செம்பு. உள்ளே, பலகையைச் சட்டத்தோடு பிடித்திருந்த இரும்பு போல்ட்டுகள் யார் கண்ணுக்கும் தெரியாமல் மெலிந்துகொண்டிருந்தன. 1783-இல் கடற்படை கையைத் தூக்கிவிட்டு, போல்ட்டுகளையே செம்புக் கலவைக்கு மாற்றியது. கயிற்றில் தைத்திருந்தால் இந்தப் பிரச்சினை வந்திருக்காது என்று சொல்ல ஆசை, ஆனால் எழுபத்துநாலு பீரங்கி ஏற்றிய கப்பலைக் கயிற்றில் தைக்க முடியாது. பேச்சு என்னவென்றால், நைந்த கயிறு தன்னைக் காட்டிக்கொள்ளும். மறைந்த போல்ட் காட்டிக்கொள்ளாது.

நடுவில் நம்ம தேக்குக்கும் ஒரு பங்கு உண்டு. ஐரோப்பாவின் ஓக் மரத்தில் அமிலத்தன்மை உண்டு, அது இரும்பை அரிக்கும். தேக்கில் எண்ணெய்ப் பசை இருப்பதால் இரும்பு அதற்குள் நீண்ட நாள் தாங்கும். 1817-இல் பம்பாயில் வாடியா குடும்பத்தார் தேக்கில் கட்டிய டிரிங்கமலி என்ற போர்க்கப்பல் இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்லிபூலில் மிதந்துகொண்டிருக்கு. நம்ம திருகோணமலையின் பெயர்தான் அது.

இந்த இடத்தில் வட கரோலினா நேயருக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். உங்க ஊரில் டெக்குக்கு வாங்குகிற மரம் பெரும்பாலும் பூச்சி அரிக்காமல் இருக்க ரசாயனம் ஏற்றியது. 2003 முடிவில் ஆர்செனிக் கலந்த பழைய மருந்தை வீட்டு உபயோகத்திலிருந்து நிறுத்தினார்கள். அதற்குப் பதில் வந்த மருந்துகளில் செம்பு அதிகம். செம்பு, ஈரம், சாதாரண இரும்பு ஸ்க்ரூ. அலார்ம் கப்பல் உங்க வீட்டுக் கொல்லையில் நிற்குது. அதனால் எந்த வகைப் பிடிப்பு என்பதற்கு முன்னாடி எந்த உலோகம் என்று கேளுங்க. துருப்பிடிக்காத எஃகு, இல்லையென்றால் அந்த மரத்துக்கென்றே சொல்லி விற்கும் கனமான துத்தநாகப் பூச்சு. கிளிப் வாங்கினாலும் இதே விதிதான்.

அடுத்து, வீட்டுச் சுவரோடு டெக்கைப் பிடித்திருக்கிற அந்தக் குறுக்குச் சட்டம். டெக் இடிந்து விழுந்து ஆட்கள் சாகிற செய்திகளில் அடிக்கடி வருவது, அந்தச் சட்டத்தை வெறும் ஆணியில் நிறுத்தியிருந்தார்கள் என்பது. மேல்பலகையின் அழகுக்கு ஒரு மாதம் யோசிப்பவர்கள் அதற்கு ஐந்து நிமிஷம் யோசிப்பதில்லை. அதைப் போல்ட் போட்டு, கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வையுங்க.

அதற்குப் பிறகு மேல்பலகை. கிளிப் நல்ல பொருள்தான். பலகை அகலவாக்கில் போய்வர இடம் கொடுக்கும், மேல்முகத்தில் துளை இல்லாததால் தண்ணீர் இறங்காது. ஆனால் நடுவில் ஒரு பலகை மட்டும் வீணானால் ஓரத்திலிருந்து வரிசையாகக் கழற்றிக்கொண்டு வரணும், இல்லை அந்தப் பலகையை அறுத்தெடுக்கணும். ஸ்க்ரூ என்றால் பத்து நிமிஷ வேலை. நாங்க சாஃப்ட்வேரில் கோட் எழுதும்போது மூத்தவர்கள் கேட்கிற முதல் கேள்வி, இது ஓடுமா என்பதில்லை. ரெண்டு வருஷம் கழித்து இதை யார் திறப்பாங்க, அவங்க கையில் என்ன இருக்கும் என்பதுதான். நீங்களே கழற்றி மாட்டப்போகிறீர்கள் என்றால், அதுவும் நிஜ மரம் என்றால், தலை தெரிகிற ஸ்க்ரூ, நூல் பிடித்த மாதிரி நேர்வரிசையில். வரிசை நேராக இருந்தால் ஸ்க்ரூத் தலையும் அழகுதான். நம்ம கோயில் பெருங்கதவுகளில் குமிழ் குமிழாக நிற்கிறதே, அங்கே பிடிப்பையே அலங்காரமாக்கிவிட்டார்கள், யாரும் முகம் சுளித்ததில்லை.

இப்போ ஊருக்கு வருவோம்.

பச்சைமலை அடிவாரத்தில், எங்க மாவட்டத்தின் இன்னொரு முனையில் அரும்பாவூர். பக்கத்தில் தழுதாழை. மரச்சிற்பத்துக்குப் பேர்போன இடங்கள். 2020-இல் அரும்பாவூர் மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தச் சிற்பத்தின் விசேஷமே ஒரே கட்டையில் செதுக்குவது. ஒட்டு இல்லை, ஆணி இல்லை. பிடிப்பு பற்றிய சண்டையே அங்கே எழாது. ஆனால் அதே மரபிலிருந்து வருகிற தேருக்கு அந்த வசதி கிடையாது. தேர் ஒரே கட்டையில் வராது.

ஒரு பெரிய மரத்தேரை அடுக்கடுக்காகப் பாருங்க. கீழே அச்சும் சக்கரமும். அதன் மேல் பூதப்பார், சிறு உறுதலம், பெரிய உறுதலம், நடகாசனம், விமாசனம், தேவாசனம், மேலே சிம்மாசனம். இந்த அடுக்குகள் கனத்த மரச்சட்டங்களை ஒன்றுக்குள் ஒன்று வெட்டிப் பொருத்தி, துளையும் நாக்குமாகச் செருகியவை. பொருத்து உள்ளே, மறைவாக. அதன் முகத்தில் வெளியே சிற்பப் பலகைகள். இந்தப் பகுதி வருஷம் முழுக்கத் தேர்முட்டியில் அப்படியே நிற்கும். இருநூறு பேர் வடம் பிடித்து இழுக்க, முட்டுக்கட்டை போட்டுத் திருப்ப, அந்த அதிர்வு முழுக்க இறங்குவது இங்கேதான். மரம் மரத்தோடு பொருந்தியிருப்பதால் கொஞ்சம் முனகும், கொஞ்சம் அசையும், உடையாது. இப்போ பல தேர்களில் இரும்பு போல்ட்டும் பட்டையும் சேர்ந்திருக்கு. சக்கரங்களைப் பல கோயில்களுக்குத் திருச்சி பெல் நிறுவனம் எஃகில் செய்து கொடுத்திருக்கு. கொதிகலன் செய்கிற தொழிற்சாலை தேர்ச்சக்கரம் செய்வது நம்ம ஊரில் மட்டும்தான் நடக்கும்.

ஆனால் நம்ம மனசில் தேர் என்றால் வருகிற உருவம், அந்த ஓங்கி நிற்கும் கோபுரம், அது மரமே இல்லை. திருவாரூர் ஆழித்தேர் 96 அடி என்பார்கள். அதில் சிற்பம் செதுக்கிய மரப்பகுதி கீழ்ப்பாகம் மட்டும்தான். மற்றதெல்லாம் கழியும் மூங்கிலும், கயிற்றில் கட்டி, மேலே சீலை போர்த்தி, தொம்பை தொங்கவிட்டது. திருவிழாவுக்குச் சில வாரம் முன்னாடி கட்ட ஆரம்பிப்பார்கள். ஊரில் பேச்சு வழக்கே 'தேர் கட்டறாங்க' என்பதுதான்.

ஒரே தேரில் இரண்டு கட்சியும் இருப்பது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். தலைமுறைக்கு ஒரு தடவை திறக்கிற பகுதியில் பொருத்தை உள்ளே மறைத்தார்கள், அதைத் திறக்கப் போவது இன்னொரு தேர்ந்த தச்சர் என்று தெரிந்ததால். வருஷம் ஒரு தடவை திறக்கிற பகுதியைக் கயிற்றில் வெளிப்படையாகக் கட்டினார்கள், அதை அவிழ்க்கப் போவது ஊர்க்காரர்கள் என்பதால். முடிச்சைப் பார்த்தாலே எந்தப் பக்கம் இழுத்தால் அவிழும் என்று தெரியும்.

கடல் பக்கத் தையலும் முழுசாகச் செத்துவிடவில்லை. 1998-இல் இந்தோனேசியாவின் பெலிதுங் தீவருகே கண்டுபிடித்த ஒன்பதாம் நூற்றாண்டுக் கப்பல் தைத்த கப்பல்தான். ஆயிரத்து நூறு வருஷம் கடலடியில் கிடந்தும் தையல் அடையாளம் தெரிந்தது. அதைப் பார்த்து ஓமானில் ஒரு கப்பல் தைத்து, 2010-இல் சிங்கப்பூர் வரை ஓட்டினார்கள். தைக்கப் போனவர்களில் கேரளத்துக் கைவினைஞர்கள் உண்டு. அடுத்து நம்ம கடற்படை. அஜந்தா ஓவியத்தில் இருக்கும் ஐந்தாம் நூற்றாண்டுக் கப்பலை மாதிரியாக வைத்து, கேரளத்தைச் சேர்ந்த பாபு சங்கரன் தலைமையில் கோவாவில் தைத்த ஐ.என்.எஸ்.வி. கௌண்டின்யா 2025 மே மாதம் கார்வாரில் கடற்படையில் சேர்ந்தது. இந்த மாதிரிக் கப்பலுக்கு வரைபடமே கிடையாது என்பதால், அலையில் எப்படி நடந்துகொள்ளும் என்று மாதிரி செய்து சோதித்தது சென்னை ஐ.ஐ.டி.யின் கடல் பொறியியல் துறை. அதாவது, சலங்கு ஓடின அதே சென்னையில். 2025 டிசம்பர் 29-ஆம் தேதி போர்பந்தரிலிருந்து கிளம்பி, ஜனவரியில் மஸ்கட் போய்ச் சேர்ந்தது. உடம்பில் ஆணி இல்லாமல், நார்க் கயிறும் குங்கிலியம் மாதிரி இயற்கைப் பிசினுமாக.

அடுத்த வாரம் காரை அம்மோனைட். கேட்டவங்க நிறையப் பேர், பேசிடலாம்.